நீரின் வழி திறந்தது, காடு பிழைத்தது

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் வெகு தூரம். ஆனால் நம் ஆறுகளுக்கு அது தூரமன்று. ஆத்தூரைக் கடந்து வரும் வசிஷ்ட நதியும் தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. மேட்டூரிலிருந்து இறங்கிப் பரமத்தி வேலூரைத் தொட்டுச் செல்லும் காவிரியின் ஒரு கிளை முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் என்ற பெயரோடு கடலை அடைகிறது. இவ்விரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையில், சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அமைந்திருப்பதே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நம் ஆறுகள் போய்ச் சேரும் இடத்தில் உள்ள அக்காடு எவ்வாறு அழிந்தது, எவ்வாறு மீண்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உப்பு நீரில் செடி வாழுமா என்று நாம் வியக்கலாம். அலையாத்தி மரங்களுக்கு இயற்கை அதற்கேற்ற அமைப்பைத் தந்திருக்கிறது. வெண்கண்டல் மரம் தான் உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியாக வெளியேற்றும். சேற்றுக்குள் காற்றில்லாததால் அதன் வேர்கள் பென்சில்களை நட்டுவைத்தது போல் மேலே நீண்டு சுவாசிக்கும். சுரபுன்னை மரமோ கிளைகளிலிருந்து தாங்கு வேர்களை இறக்கிக் கொண்டு நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட முளையோடு சேற்றில் விழுந்து வேரூன்றும். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே. இறால், நண்டு, மீன் குஞ்சுகளுக்கு இந்த வேர்களின் நடுப்பகுதியே தொட்டில் எனலாம்.

இத்தகைய காட்டை ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன் பின்னும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ள மரங்கள் அனைத்தையும் ஒருங்கே வெட்டி விற்றார்கள். வெட்டிய இடத்தில் மரங்கள் தாமே மீண்டும் வளரும் என்று எண்ணினார்கள். அவை வளரவில்லை. விறகு வெட்டும் ஏழைகளும் மேயும் மாடுகளுமே காரணம் என்று பலர் நெடுங்காலம் கருதி வந்தனர்.

உண்மைக் காரணம் வேறு. நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. மண்ணில் இருந்த நீர் ஆவியாகவே நிலம் அமுங்கித் தாம்பாளம் போல் குழிந்தது. கடல் ஏறும் வேளையில் புகுந்த நீர், இறங்கும் வேளையில் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. உப்பைத் தாங்கும் மரங்களாலும் அவ்வளவு உப்பைத் தாங்க இயலவில்லை. ஆறுகளில் நன்னீர் வரத்துக் குறைந்ததும் இத்துன்பத்தைக் கூட்டியது.

1988இல் சென்னையில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், 1990களில் வனத்துறையோடும் அவ்வூர் மக்களோடும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்கள் முதலில் கன்றை எடுக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார்கள். குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களும் வெட்டி, அருகிலுள்ள ஓடையோடு இணைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் அது மீன் முள்ளைப் போலவே இருக்கும். கடல்நீர் நாள்தோறும் வந்து போகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது. அதன் பிறகே வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டனர். இப்பணியில் அங்கு வாழும் இருளர் மக்களும் பங்கு கொண்டனர்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலூர்க் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

தோழியரே, இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பின் கதை நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு ஏரிக்கரைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் முப்பது வேப்பங்கன்றுகள் நட்டோம். கைதட்டினோம், புகைப்படம் எடுத்துக் கொண்டோம். தைப் பொங்கலுக்குள் நான்கே மிஞ்சின. ஆடு தின்றுவிட்டது என்று மேய்ப்பவர்மேல் பழி சொன்னோம். அவ்வாறு முதலில் சொன்னவள் நானே. பின்னர் போய்ப் பார்த்தால், கன்றுகள் பட்டுப்போய் நின்றனவேயன்றி எதையும் ஆடு கடித்திருக்கவில்லை. அருகிலிருந்த வாய்க்கால் குப்பையாலும் மண்ணாலும் அடைபட்டு, ஐப்பசி மழைநீர் அங்கேயே தேங்கி வேர்களை அழுகச் செய்திருந்தது. அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

மரம் நடுவது நல்லதே. ஆனால், முன்பிருந்த மரம் ஏன் போயிற்று என்று கேளாமல் நடும் கன்று, நோயறியாமல் கொடுத்த மருந்தைப் போன்றது. இந்த ஆண்டு நாங்கள் முதலில் அந்த வாய்க்காலைத் தூர் வாரப் போகிறோம். கன்றுகள் அதற்குப் பிறகுதான். நீங்களும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாருங்கள், தோழியரே!