பொருளின் பொருள்

தமிழிலே 'பொருள்' என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். 'இதன்பொருட்டு' என்று கூறுமிடத்தே நோக்கத்தையும் சுட்டி நிற்கும். பொருளீட்டப் புறப்படுவோன் தன் தொழிலின் பொருள் யாது என்றும் தன்னைத்தானே வினவிக்கொள்ளல் வேண்டும் என்பதை நம் மொழியே நினைவூட்டுகின்றது போலும்!

யான் ஆசிரியப்பணி புரிந்த ஊரில் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை ஒன்று நன்கு நடந்து வந்தது. அதனைக் கண்ட இளைஞர் ஒருவர் அதற்கு நேர் எதிரே மற்றொரு மளிகைக் கடை திறந்தார். அவர் என்பால் முன்னர்ப் பயின்றவர்; ஆதலின் திறப்பு நாளன்று என்னையும் அழைத்திருந்தார். "தம்பி, இத்தொழிலை ஏன் மேற்கொண்டாய்?" என வினவினேன். "எதிர்க்கடைக்காரர் மாடிவீடு கட்டிவிட்டார், ஐயா!" என்றார். அவர் கூறியது பொய்யன்று. ஆயினும் அவ்விடையிலே துவரம்பருப்பும் இல்லை. அதனை வாங்க வருவோரும் இல்லை. மாடிவீடு ஒன்றே இருந்தது. கடன் வாங்கிச் சென்றோர் திருப்பித் தாராத முதல் மழைக்காலத்திலேயே அவர் மனம் சோர்ந்தார்; இரண்டாம் ஆண்டில் கடையைப் பூட்டினார். எதிர்க்கடைக்கும் அதே மழைக்காலந்தான் வந்தது. ஆனால் அக்கடைக்காரர், எந்த வீட்டில் என்று அரிசி தீரும், எந்த வீட்டில் குழந்தை பிறந்துள்ளது என்பவற்றையெல்லாம் ஏடு பாராமலே கூறவல்லவர். ஊரார் உணவுக்குத் தாம் பொறுப்பு என்பது அவர்தம் எண்ணம்.

மாணவர்களே! கிணறு தோண்டுவோர் மேல்மண்ணில் ஈரம் கண்டவுடன் வேலையை நிறுத்திவிடுவதில்லை. 'ஏன் இத்தொழில்?' என்ற வினாவிற்கு முதலில் தோன்றும் விடையும் மேல்மண் ஈரம் போன்றதே. 'பணம் சேர்க்க' என்று ஒருவன் கூறுவானாயின், 'பணம் சேர்க்க வேறு வழிகளும் உளவே, இத்தொழிலே ஏன்?' என்று அவன் மீண்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'பிறர்க்கு அடங்கி வாழ விருப்பமில்லை' என்பானாயின், 'அங்ஙனம் பெறும் உரிமையைக் கொண்டு யாது செய்வாய்?' என்று மேலும் கேட்க வேண்டும். இவ்வாறு ஆழ்ந்து சென்று அடியூற்றைக் கண்ட ஒருவரை இனிக் காண்போம்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு உழவர் குடியில் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. அவருடைய இளமையில் உறவுப்பெண்கள் மூவர் மகப்பேற்றின்போது மருத்துவ உதவியின்றி மாண்டனர். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மகப்பேறு மருத்துவர் ஆகவேண்டும் என உறுதி பூண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் பட்டம் பெற்றார். படை மருத்துவப் பிரிவில் பணியாற்றி வரும்போது கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் கோணி முறுக்குண்டு போயிருந்தன. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்றாயிற்று.

வழி அடைபட்டது, ஆனால் அவ்வழியில் அவரைச் செலுத்திய விருப்பம் அடைபடவில்லை. அவர் கண் மருத்துவத்தைக் கற்றார். கோணிய விரல்களை வருத்திப் பழக்கி, நுண்ணிய கத்தியைப் பற்றும் திறம் பெற்றார். தம் வாழ்நாளில் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார் என்பர். அவரைச் செலுத்தியது ஒரு பதவிப்பெயர் மீதுள்ள பற்றாக இருந்திருப்பின், அது முடக்குவாதத்தோடு முடிந்திருக்கும். உதவியின்றித் துன்புறுவோர்க்கு உதவுதலே அவருடைய அடிக்கருத்து. ஆதலின் அது வேறொரு வாயில் வழியே வெளிப்பட்டது.

1976ஆம் ஆண்டு, 58 வயதில் அரசுப்பணியினின்றும் ஓய்வு பெற்றார். உடனே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தாரும் துணை நின்றனர். குடும்பத்தார் நகைகளையும் அடகு வைத்தனர். நோயாளிகளில் ஒரு சாரார் கட்டணம் செலுத்துவர்; மற்றொரு சாரார் கட்டணமின்றியே மருத்துவம் பெறுவர். முன்னவர் அளிக்கும் தொகையில் எஞ்சுவது பின்னவர்க்குப் பயன்படும். கட்டணம் செலுத்துவோர்க்குத் தனியறை உண்டு. செலுத்தாதோர்க்குப் பாய் உண்டு. ஆனால் அறுவை செய்யும் மருத்துவர் இருவர்க்கும் ஒருவரே. கணக்கைப் புறக்கணித்த வெறும் இரக்கம் என்று இதனைக் கருதற்க. மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடித்துத் திரும்புமுன்னே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். இதனால் மருத்துவரின் ஒரு நொடியும் வீணாவதில்லை. அமெரிக்க நாட்டு மெக்டொனால்டு உணவுக்கடைகள் எங்கும் ஒரே முறையில், ஒரே தரத்தில், எளிய விலையில் உணவு வழங்குதலைக் கண்டு, கண்ணொளியையும் அவ்வாறு வழங்கலாகாதோ என்று அவர் எண்ணினார். பிறர் தொழிலினின்றும் முறையைக் கடன் வாங்கலாம்; நோக்கத்தைக் கடன் வாங்குதல் இயலாது. என் பழைய மாணவர் இதனை மாற்றிச் செய்துவிட்டார்.

நோக்கத்தின் ஆழம் இடையூற்றிலேதான் புலனாகும். சிற்றூர்களில் கண் மருத்துவ முகாம்கள் நடத்தி, கண்புரை உடையோரை மதுரைக்கு வருமாறு அழைத்தனர். அறுவைக்குக் காசு வேண்டா என்றும் அறிவித்தனர். ஆயினும் வந்தவர் சிலரே! வேறொருவர் ஆயின், 'நாம் கொடுக்கின்றோம்; அவர்கள் வாராமைக்கு நாம் என் செய்வோம்?' என்று வாளாவிருந்திருப்பர். இவர்களோ காரணத்தைத் தேடினர். பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, இழக்கும் நாட்கூலி, துணைக்கு வருவோரின் இழப்பு ஆகிய இவையே ஏழைக்குத் தடையாய் நின்றன. ஆதலின் போக்குவரத்தும் உணவும் தாமே அளிக்கத் தொடங்கினர். அதன்பின் மக்கள் வந்தனர். இலவசம் என்று அறிவித்தல் அவர்தம் நோக்கமாயிருந்தால் வேலை அறிவிப்போடு முடிந்திருக்கும். பார்வை அளித்தலே நோக்கம். ஆதலின் பார்வை கிட்டும்வரை வேலை முடியவில்லை.

பின்னர் மற்றோர் இடையூறு நேர்ந்தது. புரையை அகற்றியபின் கண்ணுள்ளே பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டினின்றும் வரவேண்டியிருந்தது. ஒன்றன் விலை ஏறக்குறைய 100 டாலர். செல்வர் வில்லை பெற்றனர். ஏழையர் தடித்த மூக்குக்கண்ணாடியோடு அமைந்தனர். ஒரே கூரையின்கீழ் இருவகைப் பார்வையா? அவர் உள்ளம் இதற்கு ஒருப்படவில்லை. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. வில்லையின் விலை 10 டாலர் அளவிற்கு இறங்கியது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. மலிவாய்ச் செய்து உலகச் சந்தையைப் பிடிப்போம் என்று அவர்கள் தொடங்கவில்லை. பாயில் படுத்திருந்தவருக்கும் அதே வில்லை வேண்டும் என்றே தொடங்கினர். சந்தை தானே பின்தொடர்ந்து வந்தது.

அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்மருத்துவமனையின் முறையை 1993 முதல் பாடமாக வைத்துள்ளது. வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு மறைந்தார். தாம் தோற்றுவித்த அம்மருத்துவமனையினின்றும் அவர் சம்பளம் பெற்றதில்லை. அரசு அளித்த ஓய்வூதியத்தைக் கொண்டே வாழ்ந்து வந்தார்.