கிட்டாரில் முதற் பாடம்

கிட்டார் வாங்கிய வீடுகளுக்கு ஆறு மாதம் கழித்துச் சென்று பாருங்கள். பல வீடுகளில் அது உறை கழற்றப்படாமல் பீரோவின் மேல் கிடக்கும். "எனக்குச் சங்கீதம் வராது" என்பாள் மகள். "பணம் வீண்" என்பார் தந்தை. இருவர் சொல்வதும் பெரும்பாலும் சரியன்று. விரல் வலித்ததாலும், கடினமான கார்டை முதல் வாரமே தொட்டதாலும் கைவிட்டவர்களே மிகுதி. ஆகவே இவ்வாண்டு கிட்டார் கற்கத் தொடங்கும் மாணவியருக்கும் அதை வாங்கித் தரும் பெற்றோருக்கும் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

கார்ட் என்றால் என்ன? பாட்டு வகுப்பில் ச, க, ப என்னும் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுகிறோம். மூன்று தோழியர் ஆளுக்கு ஒன்றாக அவற்றை ஒரே நேரத்தில் பாடினால் அதுவே கார்ட். அந்தர காந்தாரம் சேர்ந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மைனர். நம் கச்சேரியில் தம்பூரா தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியில் நிற்கும். கிட்டாரோ பாட்டு நகர நகரத் தானும் கார்ட் மாறிக்கொண்டே வரும். இந்த மாற்றத்தில்தான் கஷ்டமும் இருக்கிறது, அழகும் இருக்கிறது.

கிட்டாருக்கு ஆறு தந்திகள். மிக மெல்லியது முதல் தந்தி, மிகத் தடித்தது ஆறாவது. தடித்ததிலிருந்து அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இப்போது கைபேசியிலேயே சுருதி சேர்க்கும் செயலிகள் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் சுருதி சேர்க்காமல் ஒரு நாளும் வாசிக்கத் தொடங்காதீர்கள். வீணையில் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பர்.

முதல் கார்டாக ஈ மைனரையே கொள்ளலாம். நடுவிரல் ஐந்தாம் தந்தியிலும் மோதிர விரல் நான்காம் தந்தியிலும், இரண்டுமே இரண்டாம் ஃப்ரெட்டில். ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழாக மீட்டுங்கள். இனி ஆட்காட்டி விரலை மூன்றாம் தந்தியில் முதல் ஃப்ரெட்டில் வைத்து மறுபடி மீட்டுங்கள். ஏக்கமாக ஒலித்தது பளிச்சென்று மலர்ந்து விட்டதல்லவா? சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாயிற்று, ஈ மைனர் ஈ மேஜராயிற்று. சங்கீதம் வராது என்ற பெண்ணும் இந்த வேறுபாட்டைக் காதால் அறிவாள்.

விரலை வைக்கும் இடமே பாதி வித்தை. ஃப்ரெட் கம்பியின் மேலும் வேண்டாம், இரு கம்பிகளுக்கு நடுவிலும் வேண்டாம். கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் சிறிது பலமே போதும். நடுவில் வைப்பவள் இரு மடங்கு அழுத்துகிறாள், ஒலியோ 'டொர்' என்கிறது. விரலின் நுனியால் அழுத்த வேண்டும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள் (நகம் வளர்ப்பதில் ஆசையுள்ளவர்கள் வலக்கையோடு திருப்தியடையட்டும்!). ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே சுண்டிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று ஊமையாக இருந்தால், பெரும்பாலும் பக்கத்து விரல் அதில் சாய்ந்திருக்கும்.

வலியைப் பற்றி. விரல் நுனி வலிப்பது இயற்கையே. சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதை விடக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மேல். ஆனால் மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கை வைக்கும் முறையில் கோளாறு இருக்கிறது, உடனே நிறுத்தி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலை குறைந்த கிட்டார்கள் சிலவற்றில் தந்திகள் பலகையிலிருந்து மிக உயரமாக நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் கம்பிக்கும் இடைவெளி 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் கடைக்காரரிடம் இறக்கித் தரச் சொல்லுங்கள். பெரியவர் கைக்கே அது கடினம். தொடக்கத்தில் எஃகுத் தந்தியைவிட நைலான் தந்தி விரலுக்கு இதமானது. சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டாரே பொருத்தம்.

அடுத்து ஏ மைனரும் சி மேஜரும். ஏ மைனருக்கு ஆட்காட்டி விரல் இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட். நடுவிரல் நான்காம் தந்தியிலும் மோதிர விரல் மூன்றாம் தந்தியிலும் இரண்டாம் ஃப்ரெட். சி மேஜருக்குப் போக மூன்று விரல்களையும் எடுக்க வேண்டியதில்லை. மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். இரண்டிலும் ஆறாம் தந்தியை விட்டுவிட்டு மீட்டுங்கள். கார்டுகளை இப்படி உறவு பார்த்துக் கற்க வேண்டும். எந்த விரல் அசையாமல் இருக்கிறது, எது தந்தியை விடாமல் நகர்கிறது என்று பாருங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்து வாருங்கள். மாறும்போது வலக்கை நிற்கவே கூடாது. விரல் தவறினாலும் தாளம் தவறக் கூடாது. பாடுகிறவர்கள் தவறிய விரலை மன்னிப்பார்கள், நின்ற தாளத்தை மன்னிக்க மாட்டார்கள்.

சில புத்தகங்கள் தொடக்கத்திலேயே எஃப் மேஜரைக் கொடுத்துவிடுகின்றன. ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் அந்தக் கார்டில்தான் பலர் கிட்டாரை மூடி வைக்கிறார்கள். அதை ஆறு மாதம் தள்ளிப் போடுவதே நல்லது.

எஃப் இல்லாமல் எதை வாசிப்பது என்கிறீர்களா? 'சைலன்ட் நைட்' என்று உலகெங்கும் பாடப்படும் கிறிஸ்து பிறப்புப் பாடலை வாசிக்கலாம். அது கிட்டாரோடே பிறந்த பாட்டு. ஆஸ்திரியாவில் யோசேப் மோர் என்னும் குரு 1816இல் எழுதிய கவிதைக்குப் பள்ளி ஆசிரியரான பிரான்ஸ் சேவியர் குரூபர் இசையமைத்தார். 1818 டிசம்பர் 24 அன்று ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் இருவரும் பாட, மோர் கிட்டார் வாசித்தார். மோரின் கையெழுத்துப் பிரதி ஒன்று 1995இல் கண்டெடுக்கப்பட்டது. அது டி மேஜரில், கிட்டாருக்கென எழுதப்பட்டிருக்கிறது.

நமக்கும் டி மேஜரே வசதி. டி கார்டுக்கு ஆட்காட்டி விரல் மூன்றாம் தந்தியிலும் நடுவிரல் முதல் தந்தியிலும் இரண்டாம் ஃப்ரெட். மோதிர விரல் இரண்டாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட். ஏ 7 கார்டுக்கு மோதிர விரல் அதே தந்தியில் ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கி வரட்டும், நடுவிரல் நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போகட்டும், ஆட்காட்டி விரலுக்கு ஓய்வு. ஜி கார்டின் முழு வடிவம் சிறிய கைக்கு எட்டாது. முதல் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை மட்டும் மோதிர விரலால் அழுத்தி, மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்டினால் அதுவும் ஜி மேஜரே. டி கார்டுக்கும் அதே நான்கு தந்திகள்; ஏ 7 கார்டுக்கு ஐந்தாம் தந்தியும் சேரும்.

பாட்டில் பன்னிரண்டு அளவுகள். அளவுக்கு ஆறு எண்ணிக்கை, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். முதல் இரண்டும் டி, மூன்றாவது ஏ 7, நான்காவது டி. ஐந்தாவது ஜி, ஆறாவது டி. ஏழும் எட்டும் அதே போல. ஒன்பதாவது ஏ 7, பத்தாவது டி. பதினொன்றாவதில் பாதி டி, பாதி ஏ 7. பன்னிரண்டாவது டி. பாதியில் மாறும் அந்தப் பதினொன்றாவது அளவை மட்டும் தனியே எடுத்து இருபது முறை பழகிவிட்டுப் பிறகு பாடகர் குழுவோடு சேருங்கள்.