மணம் அறியும் மின்படலம்

கண்ணுக்குத் துணையாகப் படக்கருவியும், செவிக்குத் துணையாக ஒலிவாங்கியும் வந்து ஆண்டுகள் பல ஆயின. மூக்கிற்குத் துணையாகும் கருவியோ இன்னும் பயிற்சி நிலையிலேயே இருக்கிறது. அதன் இயல்பை, நான் பிறந்து வளர்ந்த சித்திரபுரத்துத் தேயிலையை முன்வைத்து ஈண்டு விளக்க முற்படுகிறேன்.

மூணாற்றை அடுத்த எங்கள் மலையில் கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விரித்து வைப்பர். முதலில் பச்சிலை வாடை எழும். பின்னர் அது தணிந்து பூமணம் மிகும். லினலூல், ஜெரானியால் முதலிய கரிமச் சேர்மங்களின் ஆவியே அம்மணத்திற்குக் காரணம். மணம் நிறைந்த வேளையில் இலையை உலர்த்துதல் வேண்டும். தவறினால் சுவை குன்றும், விலையும் குன்றும். அவ்வேளையை டீமேக்கர் நிறத்தாலும் மூக்காலும் கணிப்பார்.

கொல்கத்தாவிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் இதற்கென மின்மூக்கு ஒன்றை உருவாக்கினர். அதில் உலோக ஆக்சைடு உணரிகளைப் பயன்படுத்தினர். அவ்வகை உணரிகள் பொதுவாக 200 முதல் 400 பாகை செல்சியசு வரை சூடேறினால்தான் நன்கு இயங்கும்; அதற்கு மின்சாரம் செலவாகும்.

பாலிமர் நுண்கலவை உணரிக்கு அச்சூடு வேண்டா. மின்சாரம் கடத்தாத பாலிமரில் கரித்துகளையோ கார்பன் நுண்குழாய்களையோ கலந்து மெல்லிய படலமாகப் பூசுவர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கரித்துகளின் அளவோ சில பத்து நானோமீட்டரே. துகள்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் மின்னோட்டத்திற்கு வழி உண்டு. ஆவி புகுந்ததும், நீரில் ஊறிய கடலைபோலப் பாலிமர் உப்பும். துகள்கள் விலகும், மின்தடை ஏறும். ஆவி நீங்கினால் படலம் சுருங்கித் தன் பழைய நிலையை நாடும். கரியை மிகுதியாகச் சேர்த்தால் வழி அறுபடாது. குறைத்தால் வழியே அமையாது. வழி அமைவதற்குப் போதிய அளவை ஒட்டிக் கலந்த படலமே கூர்மையாக உணரும்.

ஒரே பாலிமர் பல ஆவிகளுக்கும் உப்புமாதலால், தனி உணரி ஒன்று மணத்தை இன்னதென்று சொல்லாது. ஆகவே வெவ்வேறு பாலிமர்களை வரிசையாக அமைத்து, அவை தரும் மாற்றங்களைச் சேர்த்துப் படிப்பர். 1996இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் இத்தகைய கரித்துகள் வரிசையை வெளியிட்டனர்.

ஆயின், நீராவியும் ஆவியன்றோ! நீரை ஈர்க்கும் பாலிமர் அதற்கும் உப்பும். தேயிலை விரித்த அறையிலோ ஈரப்பதம் 90 விழுக்காட்டிற்கு மேல் இருக்குமாறு பேணுவர். எனவே நீரை விலக்கும் பாலிமரைத் தேர்ந்தெடுத்தலும், ஈரமானி ஒன்றை உடன்வைத்து அதன் பங்கைக் கழித்தலும் இன்றியமையாதன. உலர்ந்த ஆய்வுக்கூடத்தில் தேறிய உணரியை எங்கள் ஆடிமழையின் ஈரத்திலும் சோதித்த பின்னரே தொழிற்சாலைக்குத் தரல் தகும். வேதியியல், இயற்பியல் பயிலும் நம் மாணவர் கூடி முயல்வதற்கு ஏற்ற பணி இது. டீமேக்கரின் பழகிய மூக்கையும் அவர்கள் ஆசிரியராகக் கொள்வாராக.