பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றவரை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லவும் தோட்டப்புறக் குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத துணையாக விளங்குகின்றது. புதிய வண்டிக்குத் தவணை கட்ட இயலாதவர்கள், பழைய வண்டியொன்றை மலிவாக வாங்கிச் சிறுகச் சிறுகப் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் தவறன்று. ஆனால் வாங்குவதற்கு முன் ஆராய வேண்டியதை வாங்கிய பின் ஆராய்வோரே நம்மில் பலர்.

ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, லயத்தின் பின்புறம் தகரக் கொட்டகையில் ஹோண்டா சி70 ஒன்று நிற்கக் கண்டோம். புது வண்ணம் பூசப்பட்டுப் பளபளத்தது. ஆயினும் அதன் இருக்கையின் மீது துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை வாங்கிய பால்மரத் தொழிலாளி ஈராண்டுச் சேமிப்பை அதில் செலவிட்டிருந்தார். என்ஜினில் பொறித்திருந்த எண் ஒன்று. பத்திரத்தில் இருந்த எண் வேறொன்று. விற்றவரோ ஊரை விட்டே போய்விட்டார். "என்ஜினைத்தான் பார்த்தேன் ஐயா, எண்ணைப் பார்க்கவில்லை" என்றார் அவர். அவருடைய அச்சொல்லே இப்பாடத்தின் சுருக்கம் எனலாம்.

மக்கள் விரும்பும் வண்டி

நம் நாட்டில் 'கப்சாய்' என அழைக்கப்படும் சிறு வண்டிகளுக்கெல்லாம் முன்னோடி, ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் ஆகும். 2017இல் இவ்வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் பரப்பினார். சி70 அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எளிய என்ஜின், காலால் உதைத்துக் கிளப்பும் வசதி, கைப்பிடிக் கிளட்ச் இல்லாத அமைப்பு, எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றால் பழைய வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் இதனையே பெரிதும் நாடுகின்றனர்.

அந்நற்பண்பிலேயே ஆபத்தும் உள்ளது. பாகங்கள் எளிதில் கிடைப்பதால் மூன்று நான்கு வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரு வண்டியாக்கி விற்பதும் எளிதாகின்றது. ஆகவே பின்வரும் வரிசையில் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது: பத்திரம்

என்ஜின் கெட்டால் பழுதுபார்க்கலாம். பத்திரம் கெட்டால் எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்க இயலாது. எனவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே 'கிராண்ட்' எனப்படும் உரிமைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள பெயர் விற்பவருடையதுதானா? என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா? எண்ணைச் சுற்றி இரும்பைத் தேய்த்த தடமோ, மறுபடி பொறித்த தடமோ உள்ளதா? தவணைக் கடன் இன்னும் தீராமல் நிதி நிறுவனத்தின் உரிமை அவ்வண்டி மீது இருக்கின்றதா?

உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், "அப்பாவின் வண்டிதான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்னும் மகனின் வாய்ச்சொல் போதாது. வாரிசுரிமைக்குச் சட்டப்படியான ஆவணம் தேவை. என்ஜின் மாற்றப்பட்டிருந்தால், அம்மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருத்தல் வேண்டும். பெயர் மாற்றம் முறைப்படி முடியும் வரை முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது: உடற்சட்டம்

நிற்கும் மரத்தின் உயரத்தைக் கண்டு அது தரும் பாலைக் கணிக்கும் வழக்கம் நம் தொழிலாளரிடம் இல்லை, பட்டையைத்தான் பார்ப்பார்கள். வண்டிக்கு அதன் சட்டமே பட்டை. சி70இன் சட்டம் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைத்துப் பற்றவைக்கப்பட்டது; பின்சக்கர மட்கார்டும் அதன் பகுதியே. அதனால் சக்கரம் வாரியடிக்கும் சேறு அடிப்புறத்தில் படிந்து, உள்ளிருந்தே துருவை வளர்க்கின்றது. மேலே பூசிய வண்ணம் அதனை மறைத்துவிடும்.

வண்டியை நிழலில் பார்க்காமல் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். குனிந்து பின்மட்கார்டின் உட்புறத்தையும், பின்சக்கரத்தைத் தாங்கும் கை சட்டத்தோடு சேரும் இடத்தையும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் இரும்பு உறுதியாக உள்ளது. மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு இருக்கலாம். அல்லது பட்டறைப் பூச்சு அடைத்து மேலே வண்ணம் பூசியிருக்கலாம். சட்டம் உளுத்த வண்டியை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவதே நன்று. பள்ளமும் மேடுமான செம்மண் சாலையில் அது முறிந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே கேடு. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறத்தல் ஆகாது.

மூன்றாவது: என்ஜின்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். விற்பவர் நாம் வருவதற்கு முன்பே அதனைச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். சாவியைத் திருப்பாமல் காலால் மெல்ல உதைத்தால், எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் தெரிய வேண்டும். எதிர்ப்பே இன்றிக் கால் இறங்கினால் பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். கிளப்பிய பின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கின்றது எனக் கொள்க.

முன்விளக்கையும் ஏற்றிப் பாருங்கள். பழைய சி70 வண்டிகள் பல 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றின் வெளிச்சம் மங்கலானது. இருள் பிரியாத வேளையில் மரங்களுக்கிடையே ஓட்ட வேண்டிய நமக்கு விளக்கும் பிரேக்கும் என்ஜினுக்கு இணையாக முக்கியமானவை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வேறு சில மாநிலங்களிலும் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. எந்த வெள்ளத்திற்குப் பிறகும் அத்தகைய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். எண்ணெய் மூடியைத் திறந்து, அதனோடு உள்ள கம்பியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துள்ளது. முன்விளக்குக் கண்ணாடியின் உட்புறத்திலும், மின்கம்பிகள் இணையும் இடங்களிலும் காய்ந்த சேற்றுத்தூள் இருந்தால் அதுவும் சான்றே. இத்தகைய வண்டி இன்று ஓடும். சில மாதங்களில் மின்கம்பியும் உருளைக்குண்டுகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

நான்காவது: கணக்கு

விற்பவர் கேட்கும் தொகை வண்டியின் விலையன்று. விலையின் முதற்பகுதி மட்டுமே. எடுத்துக்காட்டாக, 1,200 வெள்ளிக்கு ஒரு வண்டி கிடைக்கின்றது எனக் கொள்வோம். என்ஜின் வேலைக்கு 600, சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றிற்கு 300, மின்கம்பிக்கும் விளக்கிற்கும் 200, காப்புறுதிக்கும் பெயர் மாற்றத்திற்கும் 200 என எழுதினால் மொத்தம் 2,500 வெள்ளி ஆகின்றது. பிரித்த பிறகே தெரியவரும் பழுதுக்காக இன்னும் 500 ஒதுக்குங்கள். நல்ல நிலையில் ஓடும் வண்டி 2,800 வெள்ளிக்குக் கிடைக்குமாயின், மலிவு என நாம் எண்ணியதே விலையுயர்ந்தது என்பது விளங்கும். இவை கணக்குக் காட்டுவதற்கான எண்களே; உங்கள் ஊர்ப் பட்டறையில் கேட்டறிந்து உங்கள் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

வருமானத்தின் ஏற்ற இறக்கத்தையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறையும். மழைக்காலத்தில் வேலை நாள் குறையும். அம்மாதங்களில் பாதி பிரித்த வண்டி கொட்டகையில் கிடக்க, வேலைக்குப் போக வழியின்றி நிற்கும் நிலை வரலாகாது.

முடிவு

பத்திரம் நேராகவும், சட்டம் உறுதியாகவும், மொத்தச் செலவு ஓடும் வண்டியின் விலைக்குக் குறைவாகவும் இருந்து, வேலை முடியும் வரை செல்ல வேறு வழியும் இருந்தால் தயக்கமின்றி வாங்குங்கள். வீட்டு இளைஞர் அதனைப் பழுதுபார்த்துத் தொழில் கற்பாராயின் அது கூடுதல் ஊதியம். இவற்றுள் முதலிரண்டில் ஒன்று குறைந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். வாங்காமல் விட்ட வண்டியால் கடன்பட்டவர் எவருமிலர்.

சிந்திக்க

1. என்ஜினைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தைப் பார்க்க வேண்டியது ஏன்?
2. எண்ணெயின் நிறத்தைக் கொண்டு எதனை அறியலாம்?
3. உங்கள் தோட்டத்தில் விற்பனைக்குள்ள பழைய வண்டி ஒன்றின் மொத்தச் செலவைக் குடும்பத்தாரோடு அமர்ந்து எழுதிப் பாருங்கள்.