"எப்போதிலிருந்து இப்படி?": முதியோர் மனநலம் பற்றிக் குடும்பத்தார் அறிய வேண்டியவை



"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க." மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பத்தாரிடம் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. முதுமையில் ஒரு பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் போவது இயல்பு. ஆளே மாறிப்போவது இயல்பல்ல. அது நோயாக இருக்கலாம்.

முதியோர் மனநல மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களில் ஒருவர் டாம் ஆரி. லண்டனின் குட்மேஸ் மருத்துவமனையில் 1969-ல் பணி தொடங்கிய அவர், முதியவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன் அவருடைய வீட்டுக்கே சென்று பார்ப்பதை வழக்கமாக்கினார். மருந்து டப்பா, சாப்பாடு, தூக்கம், கவனிப்பவரின் களைப்பு எல்லாம் வீட்டில்தானே தெரியும்! நம் ஊரில் மருத்துவர் வீடுதேடி வருவது அரிது. ஆகவே அவர் வீட்டில் பார்த்திருக்கக்கூடியதை நாம் கவனித்துச் சொல்ல வேண்டும். அவர் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து இப்படி?" என்பதே.

1. சில மணி நேரத்தில், ஓரிரு நாளில்: நேற்றுவரை நன்றாயிருந்த வாப்பா இன்று ஆள் தெரியாமல் பேசுகிறார்; இல்லாததைப் பார்க்கிறார்; இரவில் அதிகமாகிறது. இது திடீர்க் குழப்பம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை காரணமாகலாம். சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும்கூடச் சிலருக்கு இதைச் செய்யும். இதை ஜின், கண்ணேறு என்று எண்ணி நாளைக் கடத்துவது உயிருக்கே ஆபத்து. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நோன்பு மாதத்தில் சர்க்கரை மருந்து எடுக்கும் பெரியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை.

2. சில வாரங்களில்: உம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், விடியுமுன்பே விழித்துக் கிடக்கிறார், உடம்பெல்லாம் வலி என்கிறார், "நான் உங்களுக்குப் பாரம்" என்கிறார். இது மனச்சோர்வாக இருக்கலாம். துணையை இழந்தபின் வரும் துக்கம் என்று விட்டுவிடுகிறோம். மனச்சோர்வு மருந்தாலும் பேச்சாலும் குணமாகக் கூடியது. வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.

3. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்: கேட்டதையே கேட்கிறார், பழகிய தெருவில் வழி தவறுகிறார், எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அடிக்கடி தடுமாறுகிறார், பணக்கணக்கு பிசகுகிறது. இது மறதி நோயாக இருக்கலாம். தைராய்டு, பி12 குறைபாடு போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் உண்டா என்று மருத்துவர் இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார். காதும் கண்ணும் மங்கியிருந்தாலும் மறதிபோலத் தோன்றும். அல்சைமர் போன்ற மறதி நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கோபம், தூக்கமின்மை, கீழே விழுதல் ஆகியவற்றைப் பெருமளவு குறைக்கலாம். தொழுகையில் தவறினால் அவரோடு வாதாடாதீர்கள். மார்க்கம் அவருக்குத் தந்துள்ள சலுகையை ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும், கடையில் சீட்டின்றி வாங்கியவை உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். என்றைக்கு என்ன மாற்றம் கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரவும் பகலும் உடனிருப்பவரே கூடப் போகட்டும். வெளியூர் மகனைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்பதை அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம். 14416 என்ற இலவச மனநல எண்ணில் இரவும் பகலும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

இறுதியாக ஒன்று. பல வீடுகளில் இந்தப் பாரம் முழுவதையும் ஒரு மகளோ மருமகளோதான் சுமக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது மற்றவர்கள் முறை வைத்து அவரை விடுவியுங்கள். அவர் உடைந்துபோனால் பெரியவரின் கவனிப்பும் நின்றுபோகும்.