ஜனவரியில் எந்த அலை?

கோவளத்தில் சில வருடங்களாக சர்ஃபிங் செய்கிறேன். ஜனவரியில் இலங்கை போய்ப் பவளப்பாறை மேல் உடையும் அலையில் ஏறிப் பார்க்க ஆசை. அறுகம் குடா சரிவருமா? – வாசகர், திருவாதவூர்

குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் ஊர்க்காரர், அலைமேல் சவாரிக்குப் புறப்படுகிறீர்கள். நல்லது! ஆனால் ஜனவரியில் அறுகம் குடா வேண்டாம். அதன் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. தை மாதத்தில் அங்கே வாடை கடலிலிருந்து கரைக்கு வீசி அலையைக் கலைத்துவிடும். அதே வாடை தென்மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை முகம் வழுவழுவென்று நிற்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கேதான் கொண்டாட்டம்.

காலிக்கும் மாத்தறைக்கும் நடுவே மிதிகம. அங்குள்ள 'ராம்ஸ்' வலப்பக்கம் ஓடும் அலை. ஆழமில்லாத பாறைமேல் படாரென உடையும். கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்! முதலில் பக்கத்தில் 'லேஸி லெஃப்ட்' அலையில் கைகால்களைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு அலைகளுக்கு இடையே 12 விநாடிக்கு மேல் இருந்தால், தென்கடலிலிருந்து நெடுந்தூரம் வந்த வலுவான அலை என்று பொருள். விடியற்காலையில் இறங்குங்கள்; மதியம் கடற்காற்று கெடுத்துவிடும். வற்றத்தின்போது ராம்ஸ் பக்கமே போகாதீர்கள். விழுந்தால் தலைகுப்புற வேண்டாம், தட்டையாக விழுங்கள். பாறை கீறினால் நல்ல தண்ணீரில் உடனே தேய்த்துக் கழுவுங்கள். பவளக் கீறல் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து கடலோர ரயில். ஜன்னலோர இருக்கை பிடியுங்கள்.