பாடத் தெரிந்தால் போதுமா?



கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். வடத்தைப் பற்றியிருக்கும் அத்தனை பேரும் அதைத் திருப்பிப் பாடுவர். பாட்டின் தாளத்திற்கு ஏற்பக் கைகள் ஒன்றாக இழுக்கும். அங்கே பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. வலையைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. விசைப்படகுகள் பெருகியபின் கரைவலை குறைந்தது, பாட்டும் குறைந்தது. பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் மறைந்தால் அவர் அறிந்த பாட்டுகளும் அவரோடு மறைகின்றன. அவற்றைப் பதிவு செய்து காப்பது யார்? அதற்கான கருவி யார் கையில் இருக்கிறது? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

கருவி உடையோரும் இல்லாதோரும்

ஒலிப்பதிவு நெடுங்காலம் பெருநகரத்தில் பணம் உடையோர் கையில் இருந்தது. கூடத்திற்கு வாடகை, கருவிக்கு விலை, இயக்குவோருக்குக் கூலி எனச் செலவு மிகுதி. ஏ.ஆர்.ரஹ்மான் சிறுவராயிருந்தபோது தந்தையை இழந்தார். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. பின்னர் தம் இல்லத்தோடு சேர்த்து ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை அங்கே உருவானது. 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இசை பயிற்றும் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’வும் அவர் முயற்சியால் அமைந்ததே. திறமை எல்லா வீட்டிலும் பிறக்கும். கருவிதான் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

பாம்பனில் எழுந்த ஓசை

சென்னை தொலைவு என்று எண்ண வேண்டாம். வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. அதன் பயனாக 2016 ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் பாம்பனில் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 பண்பலை பிறந்தது. காற்று, அலை, வானிலை பற்றிய செய்தியோடு மீனவர் பேச்சும் பாட்டும் அதில் ஒலித்தன. மீனவர் குடும்பத்து இளைஞர்களே பயிற்சி பெற்று நிகழ்ச்சிகளைத் தயாரித்தனர். கேட்பவராக மட்டும் இருந்தவர் ஒலிபரப்புவோர் ஆயினர். இது சிறிய மாற்றமன்று.

ஒலி பதிவாகும் விதம்

நாம் பாடும்போது காற்று அதிர்கிறது. ஒலிவாங்கியினுள் இருக்கும் மெல்லிய தகடும் உடன் அதிர்கிறது. ஒரு வகை ஒலிவாங்கியில் அத்தகட்டோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைய, மின்னோட்டம் உண்டாகிறது. பௌதிக வகுப்பில் படித்த மின்காந்தத் தூண்டல் இதுவே. கணிப்பொறி அம்மின்னோட்டத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இசைத்தட்டான சி.டி.க்கு உரிய அளவு இது. குரலை ஒரு தடத்திலும் மேளத்தை மற்றொரு தடத்திலும் தனித்தனியே பதிந்து, பின் எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என அளவு பார்த்துச் சேர்ப்பதே ஒலிக்கலவை. குழம்பில் உப்பும் புளியும் பார்ப்பது போன்றதுதான். 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ என்ற மென்பொருளைக் கொண்டு இவ்வளவும் செய்யலாம்.

செய்து பார்ப்போம்

1. சிறிய அறையைத் தேர்ந்து மின்விசிறியை நிறுத்துங்கள். கையைத் தட்டிப் பாருங்கள். எதிரொலி கேட்டால் சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிடுங்கள்.
2. கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். மூச்சுக்காற்று நேராக மோதினால் இரைச்சல் வரும்.
3. கடற்கரையில் பதிவு செய்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒலிவாங்கியை மெல்லிய பஞ்சுறையால் மூடுங்கள்.
4. பாடியவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பெயரில்லாத பதிவு பாதி இழந்த பதிவு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இன்று கருவியின் விலை முன்போல் பெருந்தடையன்று. வேறொரு தடை இருக்கிறது. பல வீடுகளில் கைப்பேசி மகன் கையில். மகளுக்கு அது ‘எதற்கு?’ என்ற கேள்வி. பெண் பாடலாம், பொறியைத் தொடுவது ஆணின் வேலை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் 2008-இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தொடங்கிய ‘சங்கம் வானொலி’யை நடத்தியவர்கள் தலித் பெண்கள். ஒலிவாங்கியும் கலவைப் பலகையும் அவர்கள் கைக்கு அடங்கியே நின்றன. நம் பெண்களுக்கு மட்டும் ஏன் அடங்காது?

மாணவியரே, பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, பதியவும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது போதும். பாட்டியின் தாலாட்டையோ தாத்தாவின் அம்பாப் பாட்டையோ பதிந்து, பெயரும் நாளும் குறித்துப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து கேட்போம்.